ஜன்னலுக்கு எதிரே உன் குரல்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

நீ சுகமா என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. தினமும் காலையில் உன் சுகத்தை ஊரே கேட்கிறது. போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து தெருமுனைக் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டிவிட்டுப் போனார்கள். எத்தனையோ திசை இருக்க, அதன் வாயை என் சமையலறை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நான் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் பார்த்து, "வணக்கம், விழித்தெழுங்கள். தலைவர் உங்களுக்காக விழித்திருக்கிறார்" என்று ஆரம்பிக்கிறாய். ஜன்னலைச் சாத்தினால் புகை. திறந்தால் நீ. சில நாள் புகையே தேவலை என்று தோன்றுகிறது.

தையல் கடையில் எல்லோரும், "உங்க தங்கச்சி குரல் தேன் மாதிரி இருக்கு" என்கிறார்கள். நான் தலையைக் குனிந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கும் அதே தொண்டைதான் என்று சொல்ல நாக்கு துடிக்கும். அம்மாவே பக்கத்து அறையிலிருந்து நம்மில் யார் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல், "வரேன்டி, ரெண்டு பேரும் கத்தாதீங்க" என்பாளே. வானொலிக் குரல் தேர்வில் முதலில் வந்தது யார்? அம்மா படுக்கையில் விழுந்ததால் போகாமல் இருந்தது யார்? "அம்மா எழுந்திரிக்கிற வரைக்கும் உன் இடத்துல நான் உக்காந்திருக்கேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியது யார்? அம்மா எழுந்திருக்கவே இல்லை. நீயும் எழுந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வாசலில் நின்று கேட்கிறார். நீ முடித்த பிறகுதான் வாய் கொப்பளிக்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்கு என்ன வருகிறது என்பதை எழுத மாட்டேன்.

உன் அக்கா

பின்குறிப்பு: "எச்சரிக்கை" என்பதில் "ரி"யை விழுங்குகிறாய். நானாக இருந்தால் விழுங்க மாட்டேன்.


மார்ச் 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது.

உனக்கு ஜன்னலாவது இருக்கிறது. எனக்கு அதுவும் கிடையாது. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று சுவர் முழுக்க மெத்தை தைத்திருக்கிறார்கள். மாடியிலேயே தங்க ஓர் அறை, கீழே இறங்கினால் கார். கூடவே ஓர் ஆள் வருகிறான். அவன் எனக்குக் காவலா, என்னைக் காவலில் வைத்திருக்கிறானா என்று கேட்டால் சிரிக்கிறான்.

தேன் மாதிரி என்கிறார்களா? அது தானாக வந்ததில்லை. எங்கள் நிலைய இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது. "பயத்தைச் சொல்லும்போது சத்தத்தைக் கூட்டாதீங்க, குறைங்க. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைகிட்ட பேசுற மாதிரி பேசுங்க. எத்தனை பேர்னு சொல்லாதீங்க, 'சிலர்'னு சொல்லுங்க. அவங்கவங்க மனசுல இருக்கிற ஆளை அவங்களே அதுல உக்கார வச்சுக்குவாங்க" என்பார். போன வாரம் தலைவரே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "நீ சொன்னா எனக்கே பயமா இருக்கும்மா" என்று தோளைத் தட்டினார். மற்ற அறிவிப்பாளர்கள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உன்னைப் போலவே மூஞ்சியை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உன் இடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்கிறாய். சரி. அக்கரையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பம்ப் ஆபரேட்டர், குழாயைச் சரிபார்க்கிற சாக்கில் நம் வீட்டுக்கு யாரைப் பார்க்க வந்தார்? நன்றாக ஓடுகிற குழாயை வாராவாரம் யாராவது சரிபார்ப்பார்களா? நான் பஸ் ஏறி ஒரு வருடம் ஆவதற்குள் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை பெயரைப் படித்துவிட்டு அன்றைக்கு மூன்று வேளைச் செய்தியும் வாசித்தேன். ஒரு "ரி"யைக்கூட விழுங்கவில்லை.

அவர் வாசலில் நின்று கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, எதற்காக எழுதினாய்? நான் சந்தோஷப்படவா, நீ வருத்தப்படவா?

தங்கை


மே 7

தங்கச்சிக்கு,

நீ புதிதாக ஒன்று வாசிக்க ஆரம்பித்திருக்கிறாய். "ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த சிலர் நம் குடிநீரில் எதையோ கலப்பதாகத் தகவல். பயப்பட வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருப்பவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்." காய்ச்சல்காரப் பிள்ளைகிட்ட பேசுகிற அதே குரல். கேட்டதும் என் கையிலிருந்த செம்புத் தண்ணீரை நானே தூக்கி முகர்ந்து பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் ஏற்றி விடுவதே என் புருஷன். நானே முகர்ந்து பார்த்தேன் என்றால் ஊர் என்ன செய்யும்?

சொல்கிறேன். இப்போது நல்ல வீடுகளுக்கெல்லாம் "விழிப்பு வீடு" என்று பச்சைத் தகடு கொடுக்கிறார்கள். யாரையாவது பற்றித் தகவல் சொன்னால் தகடு. தகடு இருந்தால் கடையில் வரிசையில் நிற்க வேண்டாம். எதிர்வீட்டு மரக்கடைக்காரர் தன் கதவுக்கு வார்னிஷ் எல்லாம் அடித்துத் தகட்டுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய மருமகன் வேலையில்லாமல் மாமனார் வீட்டுச் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்பதும், பம்ப் ஆபரேட்டர் வேலை மேல் அவர்களுக்கு வெகுநாளாகக் கண் என்பதும் தெருவுக்கே தெரியும்.

நேற்று என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் அக்கரைதானே?"

"ஆமா. உங்க மாடியைக் கட்டின கொத்தனாரும் அக்கரைதான். இடிச்சிடலாமா?"

"கோவிச்சுக்காதம்மா. ரேடியோல 'சிலர்'னு சொன்னாங்க, அதான் கேட்டேன். அதுவும் உன் தங்கச்சியே சொல்லும்போது..."

உன் தங்கச்சியே சொல்லும்போது. கேட்டாயா? என் வீட்டுக்காரர் உன்னை விட்டு என் கழுத்தில் தாலி கட்டினார் என்பதற்காக நீ இப்படியெல்லாம் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். உள்ளுக்குள் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

நான் எழுதுவதில்லை, வாசிக்கிறேன். எழுதிக் கொடுப்பவர்கள் வேறு மாடியில் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. யார் பெயரையாவது சொன்னேனா? அக்கரைக்காரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். உலகத்தில் எது நடந்தாலும் அது உன் புருஷனைப் பற்றித்தான் என்று நினைக்கிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

தலைவரிடம் தகவல் இல்லாமலா வாசிக்கச் சொல்வார்கள்? குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை என்று நீங்களே உங்கள் ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்களாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. என்னைக் காய்ச்சாதே.

தங்கை


ஜூன் 2

தங்கச்சிக்கு,

அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஒரு விசாரணை சார், வந்துடலாம்" என்றார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு, "பள்ளிக்கூடத் தெருவுல சாக்கடை ஓரமா குழாய் உடைஞ்சிருக்கு. அதுல அழுக்கு கலந்துதான் பசங்களுக்கு வயித்தால போகுது. குளிர்காலத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன், யாரும் காதுல போட்டுக்கல. அதை விசாரிங்க சார்" என்றார். வந்தவர்களில் ஒருவன், "அதெல்லாம் அங்க வந்து சொல்லுங்க" என்றான். தெருவில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் வண்டியில் ஏறும்போது இஸ்திரிக்காரம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் மரக்கடைக்காரர் கதவில் பச்சைத் தகடு அடித்தார்கள். மறுநாள் மருமகன் பம்ப் ஹவுஸ் சாவியோடு போனான். தையல் கடையில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நீ சாதாரண ஆள் இல்லை. தலைவர் உன் தோளைத் தட்டினார் என்று நீயே எழுதினாய், அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தோளை வைத்துக்கொண்டு இப்போது கேள். என் இடம், என் வேலை, எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். எழுதித் தருகிறேன். அவரை மட்டும் திருப்பிக் கொடு.

நீ அவரை ஒருநாளும் அத்தான் என்று எழுதியதில்லை. என்ன முறை சொல்லியாவது கேள், பரவாயில்லை.

அக்கா


ஜூன் 10

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் ஊருக்குக் காய்கறி கொண்டு வருகிற லாரி டிரைவர்தான் எங்கள் கேன்டீனுக்கும் சரக்கு போடுகிறார். அவர் கையில் கொடுக்கிறேன். நீயும் இனி அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று தலைவரைப் பார்க்க விட்டார்கள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பாதியை எனக்கு நீட்டினார். அத்தானைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரில் விஷம் வைக்கிற மனிதர் இல்லை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"விஷமா? ஏம்மா, நீயே நம்பிட்டியா?" என்றார். "விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வருஷம் முழுக்க விலைவாசி, விலைவாசின்னு வாசல்ல வந்து கத்தினாங்களே, இப்ப யாராவது கத்துறாங்களா? எல்லாரும் பக்கத்து வீட்டுக் குழாயை எட்டிப் பாத்துட்டிருக்காங்க. நான் யார் பேரையும் சொல்லலை. யாரைப் பார்த்து வயிறு எரியுதோ அவன் பேரை ஜனங்களே சொல்லிடுறாங்க. எனக்கு என்ன செலவு?"

அப்புறம் அவரே, "அந்த ஆளு முதல்ல உன்னைத்தான் பாக்க வந்தானாமே. குழாயைச் சரிபாக்குற சாக்குல. அப்புறம் உங்க அக்காவைக் கட்டிக்கிட்டான். நாளைக்கு அவன் ஒத்துக்கிட்டதா ஒரு அறிவிப்பு வருது. அதை நீயே வாசி. உனக்கும் ஒரு திருப்தி" என்றார்.

குழாயைச் சரிபார்க்கிற சாக்கு. அது நான் உனக்கு எழுதிய வரி அக்கா. நாம் தபாலில் போட்ட சண்டையை அவர் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். படித்துவிட்டு, என்னை எந்தப் பக்கம் பிடித்துத் திருகினால் நான் பேசுவேன் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு இனித்தது. இனி நீயும் தனியாகத்தானே சாப்பிட வேண்டும் என்று. அந்தக் கணம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆரஞ்சு நீட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள் இப்போது என் மேஜையில் இருக்கிறது. நீ இதைப் படிக்கும்போது நான் வாசித்து முடித்திருப்பேன். எதை வாசித்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியவில்லை.

தங்கை


ஜூலை 8

தங்கச்சிக்கு,

உன்னை அடைத்து வைத்திருக்கிற இடத்துக்கும் இந்த டிரைவர்தான் உருளைக்கிழங்கு போடுகிறாராம். நல்லவன் கெட்டவன் எல்லாருக்கும் வயிறு இருப்பது எவ்வளவு வசதியாகப் போய்விட்டது, பார்.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். நீ பேசினாய், ஆனால் கேட்டவர்களை நீ பார்க்கவில்லையே.

"வணக்கம்" மட்டும் ரேடியோத் தமிழ். அப்புறம் நாம் வீட்டில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாய். "தண்ணில விஷம் இல்ல. எனக்கு எழுதிக் குடுத்தது பொய். அவங்களே என்கிட்ட சொன்னாங்க. தொட்டியைப் பாத்துக்கிறவரு என் அக்கா வீட்டுக்காரரு. உடைஞ்சது குழாய்தான், அவரு ஒண்ணும்..." அதோடு நின்றது. அப்புறம் மத்தியானம் வரை வாத்திய இசை.

தெருவில் ஒருவரும் அசையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வயிறுதான் எரிந்தது. இதிலும் நீயே முந்திக்கொண்டாயே! என் புருஷனுக்காக நான் பேச வேண்டியதையும் நீயே பேசிவிட்டாயே! அழுகை அதற்கு அப்புறம்தான் வந்தது. வந்தது நிற்கவில்லை.

மறுநாள் பெரிய கார் ஒன்று வந்தது. உன் இயக்குநர். நெற்றியெல்லாம் வியர்வை. என்னை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "அப்படியே இருக்கு, அப்படியே இருக்கு" என்றார். நேற்றுப் பேசியது எதிரிகள் செய்த போலிக் குரல், விஷம் இருப்பது உண்மை என்று நான் வாசிக்க வேண்டுமாம். வாசித்த அன்றே என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்வாராம். எனக்கு உன் அறை, உன் கார், எல்லாம்.

எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்! அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டது என்ன தெரியுமா? "கடைசியில என் பேரைச் சொல்லுவீங்களா?"

"அது எப்படிம்மா? நீங்கதான் அவங்க. வித்தியாசமே தெரியக்கூடாது" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன வாசித்தாலும் ஊர் கேட்பது உன்னைத்தான். தேன் மாதிரி என்பதும் உன்னைத்தான். இதற்கா நான் இத்தனை நாள் வெந்தேன்? அதோடு இன்னொன்றும் உறைத்தது. விஷம் உண்மை என்று நானே சொல்லிவிட்டால், வீட்டுக்கு வருகிற மனுஷனை இந்தத் தெரு உயிரோடு விட்டு வைக்குமா? இரண்டில் எது எனக்கு முதலில் தோன்றியது என்று கேட்காதே. சொல்ல மாட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று அவரை உட்கார வைத்துவிட்டுப் பால் வாங்கப் போகிறவள் போலக் கிளம்பி மார்க்கெட்டுக்கு வந்தேன். நல்ல கூட்டம். லாரிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, "வணக்கம், விழித்தெழுங்கள்" என்று உன் மாதிரியே தொடங்கினேன். அத்தனை பேரும் கையில் இருந்த பையோடு அப்படியே நின்று தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தார்கள்.

"மேல பாக்காதீங்க, இங்க பாருங்க. நான்தான். நேத்து பேசினவ என் தங்கச்சி. இன்னிக்கு என்னை அவ மாதிரி பேசச் சொல்லி வீட்டுல கார் வந்து நிக்குது. நான் போகல. இனிமே அதே குரல் 'விஷம் இருக்கு'ன்னு சொன்னா, அது அவளும் இல்ல, நானும் இல்ல" என்றேன். இறங்கிப் போய்த் தெருக் குழாயைத் திறந்து, எல்லோரும் பார்க்கக் கைநிறையப் பிடித்துக் குடித்தேன். இஸ்திரிக்காரம்மா என்னைத் தள்ளிவிட்டு அவளும் குடித்தாள். அப்புறம் கறிக்கடைக்காரர். அவர் பின்னால் வரிசையே நின்றது. அந்தக் கூட்டத்துக்குள் நான் நழுவிவிட்டேன்.

வேடிக்கையைக் கேள். ஊருக்குக் குடிக்கத் தைரியம் வந்த நேரம் பார்த்துக் குழாய் நின்றுவிட்டது. மரக்கடை மருமகன் ஓட்டத் தெரியாமல் மோட்டாரை எரித்துவிட்டான். அன்று சாயங்காலம் நகராட்சி வாசலில் குடங்களோடு கூட்டம். "விஷத் தண்ணியாவது விடுங்கய்யா" என்று ஒரு கிழவர் கத்தினாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்த பிறகு அந்தக் கூட்டத்தைப் பயமுறுத்த முடியவில்லை. "அந்த அக்கரைக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று மரக்கடைக்காரரே சொன்னார் என்கிறார்கள். அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லையே.

அத்தானைக் கொண்டுவந்து பம்ப் ஹவுஸில் விட்டிருக்கிறார்கள். வாசலில் காவல். அங்கேயே வேலை, அங்கேயே படுக்கை. பள்ளிக்கூடத் தெருக் குழாயைத் தோண்டி மாற்ற வைத்துவிட்டார். என்னைத் தேடுகிறார்கள். நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். இந்த வீட்டுக் கதவிலும் பச்சைத் தகடு இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள். வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். இளைத்துப் போயிருக்கிறார்.

ஒலிபெருக்கியில் இப்போது வேறொருத்தி. சிலர் மின்கம்பியை வெட்டுகிறார்களாம். சிலர் அதை நம்பவும் செய்கிறார்கள்.

உன் குரல் இல்லாமல் காலையில் அடுப்பு பற்றவே மாட்டேன் என்கிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா,

உன் கடிதம் மூட்டைக்கு அடியில் கசங்கி வந்து சேர்ந்தது. வெளியே எப்போது விடுவார்கள் என்று தெரியாது. விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. அடிக்கவில்லை, கவலைப்படாதே. ஈரத்தில் படுத்துப் படுத்துத் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். இப்போது யாரும் நம் இருவரையும் மாற்றிக் கேட்க மாட்டார்கள்.

அத்தானை நீ வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறாய் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு வருவது வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். இனி அதை யாரும் ஆரஞ்சு மாதிரி எனக்கு உரித்து நீட்ட முடியாது.

மார்க்கெட்டில் நீ பேசியதை உன் கடிதத்துக்கு முன்னாலேயே டிரைவர் சொல்லிவிட்டார். "அந்தக் கடைசியில மீன் விக்கிறவங்களுக்குக்கூடக் கேட்டுச்சும்மா" என்றார். அன்று நான் சாப்பிடவில்லை. நான் மெத்தை தைத்த அறையில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல்தான் பேசினேன். நீ முகங்களைப் பார்த்துக்கொண்டு பேசியிருக்கிறாய்.

இங்கே சாயங்காலத்தில் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "ஏதாவது பேசு, நீ ரேடியோக்காரிதானே" என்பார்கள். உண்மையாக நடந்ததைச் சொல்கிறேன். விஷம், ஆரஞ்சு, தகடு, எல்லாம். அவர்களில் பாதிப்பேர் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். சிலர் தாங்களே யாரையோ சொல்லிவிட்டு, பிறகு உள்ளே வந்தவர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் மைக் இல்லாமல் எனக்குப் பேச வரவில்லை அக்கா. கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள், "கேக்கல, சத்தமா சொல்லு" என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் குரல் உடைகிறது.

மார்க்கெட்டில் மூச்சை எங்கே பிடித்தாய், எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று விவரமாக எழுது. பெருமை அடித்துக்கொள்ளாமல் எழுது.

உன் தங்கச்சி